ஹந்தானையில் எனக்குச் சொந்தமான நூறு காப்பிச் செடிகள்

கண்டி
1878 ஜூன் 12, புதன்

கலஹாவில் கடை வைத்திருக்கும் அன்பு மச்சான் ஹுஸைன் அவர்களுக்கு, கண்டியிலிருந்து சாக்குக்கடை மஹ்மூத் ஸலாம் சொல்லி எழுதுவது. இங்கே நானும் உங்கள் தங்கை ஸுலைஹாவும் சுகம். அங்கே நீங்களும் உங்கள் மகள் றமீஸாவும் சுகமாயிருக்கத் துஆச் செய்கிறோம்.

இனி விஷயம். றமீஸாவின் கலியாணத்துக்குச் சேர்த்து வைத்திருக்கும் முந்நூறு ரூபாயை இந்த வெள்ளிக்கிழமை வந்து பாயிஸ் ஹாஜியாரிடம் கொடுக்கப்போவதாக எழுதியிருந்தீர்கள். கொடுக்க வேண்டாம். 'தாமதிக்காமல் கொடுங்கள்' என்று போன மாதம் எழுதியவனும் நான்தான். அந்தக் கடிதத்தை அடுப்பில் போடுங்கள்.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். இந்த ஹாஜியார் பெப்ரவரியில்தான் கண்டிக்கு வந்தார். ஜும்மாவில் என் பக்கத்தில் நின்று தொழுதார். தொழுகை முடிந்ததும், ஹந்தானையில் இலை நோய் அண்டாத காப்பித் தோட்டம் ஒன்றை எடுத்திருப்பதாகவும், அதில் ஒரு செடி ஒரு ரூபாய் என்றும், நூறு செடி வாங்கினால் மாதம் தவறாமல் ஐந்து ரூபாய் வரும் என்றும் சொன்னார். "இது வட்டியா?" என்று கேட்டேன். அவர் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். "அஸ்தஃபிருல்லாஹ்! அந்தப் பேச்சே வாணாம் மஹ்மூத் நானா. இது பங்கு. ஒங்கட செடி, ஒங்கட லாபம்." வட்டி இல்லை என்று கேட்ட நிம்மதியில் எனக்கு வேறு கேள்வி எதுவும் தோன்றவில்லை. நூறு ரூபாயைக் கொடுத்தேன். 'பதினோராம் வரிசை, ஒன்று முதல் நூறு வரை' என்று எழுதி முத்திரை குத்திய கடதாசி ஒன்று தந்தார். மார்ச்சில் ஐந்து ரூபாய் வந்தது. ஏப்ரலிலும் வந்தது. மச்சான், காப்பி வருஷத்துக்கு ஒரு தடவைதான் காய்க்கும். பறிப்பது ஒக்தோபருக்குப் பிறகு. காப்பிக்குச் சாக்கு விற்றே இருபது வருஷமாகச் சோறு தின்கிறேன். அந்த இரண்டு மாதமும் எந்தத் தோட்டமும் ஒரு சாக்குக்கூடக் கேட்டு ஆளனுப்பவில்லை. கடையில் ஈயோட்டிக்கொண்டிருந்த அதே கையால்தான் காப்பி லாபத்தையும் வாங்கிப் போட்டேன். பழமே இல்லாதபோது லாபம் எங்கிருந்து வந்தது? மார்ச்சில் எனக்கு வந்தது, எனக்குப் பின்னால் சேர்ந்த புடவைக்கடை மஹ்ரூபின் பணம். ஏப்ரலில் வந்தது யாருடையது என்று இன்னும் தெரியவில்லை. ஜூனில் உங்களுடையது வந்திருக்கும்.

மே மாதம் ஒன்றும் வரவில்லை. செடிகளையாவது பார்த்துவிட்டு வரலாம் என்று முந்தாநாள் குடையும் கடதாசியுமாக ஹந்தானைக்கு ஏறினேன். இரண்டு காலையும் அட்டை கடித்தது. பதினோராம் வரிசையைக் கண்டுபிடித்து எண்ணத் தொடங்கினேன். நாற்பதாவது செடியடியில் களை வெட்டிக்கொண்டிருந்த ரத்தினம்மா என்ற பெண் நிமிர்ந்து பார்த்தார்.

"எண்ணுங்க, எண்ணுங்க. நூறு சரியா இருக்கும்."

"ஒங்களுக்கு எப்படித் தெரியும்?"

"இந்த மாசம் எண்ண வந்த ஏழாவது ஆளு நீங்க. நேத்து வந்தவரு ஒவ்வொரு செடியயும் தடவிக் குடுத்துட்டுப் போனாரு."

"இது பாயிஸ் ஹாஜியார்ட தோட்டமில்லையா?"

"யாருங்க அவரு? இது வெள்ளக்கார தொரை தோட்டம். தொரை ஒரு செடியக்கூட யாருக்கும் வித்ததில்ல. வெரசா எறங்குங்க, கங்காணி பாத்தா உங்க கையிலயும் மம்பட்டியக் குடுத்துருவாரு."

இலையைத் திருப்பிப் பார்த்தேன். விரலெல்லாம் மஞ்சள் பொடி. நோய் அண்டாத தோட்டத்திலும் நோய். இறங்கும் வழியில் மஹ்ரூப் மூச்சு வாங்க ஏறி வந்தார். கையில் கடதாசி. வாங்கிப் பார்த்தேன். பதினோராம் வரிசை, ஒன்று முதல் நூறு வரை.

ஆகவே மச்சான், மரம் காய்க்காத மாதத்தில் லாபம் தருகிறவரிடம் பணம் கொடுக்காதீர்கள். நிலத்தைக் காட்டாமல் கடதாசியைக் காட்டினால் கொடுக்காதீர்கள். பக்கத்தில் நின்று தொழுதார் என்பதற்காகக் கொடுக்காதீர்கள். தங்கையின் புருஷன் சொன்னான் என்பதற்காக அறவே கொடுக்காதீர்கள்.

றமீஸாவின் கலியாணத்தை அல்லாஹ் ஒரு குறையுமில்லாமல் நடத்தித் தருவான்.

இப்படிக்கு,
மஹ்மூத்

பி.கு.: கடிதத்தை மடிக்கும்போது ஹாஜியாரே கடைக்கு வந்துவிட்டார். நான் வாயைத் திறக்குமுன் மே மாதத்து ஐந்து ரூபாயை மேசையில் வைத்தார். பதினோராம் வரிசை என்றது குமாஸ்தாவின் பிழையாம். நம் செடிகள் மலைக்கு அந்தப் பக்கமாம். போய்ப் பார்க்கப் பாதைதான் இன்னும் வெட்டவில்லையாம். அவசரப்பட்டு ஒரு நல்ல மனிதரைச் சந்தேகித்துவிட்டேன். நாளைக் காலை இன்னும் ஐம்பது செடிக்குப் பணம் தருவதாகச் சொல்லியிருக்கிறேன். நீங்கள் வெள்ளிக்கிழமை முந்நூறோடு வாருங்கள். இதை உறையில் போட்டு ஒட்டி வண்டிக்காரரிடம் கொடுக்கும்படி ஸுலைஹாவிடம் சொல்லியிருக்கிறேன்.

நானா, ஒட்ட முந்தி வாசிச்சிட்டேன். இவர் கையெழுத்து வச்ச இடம் வரைக்கும் எழுதினது எல்லாம் சரி. அதுக்குக் கீழ உள்ளத வாசிக்காதீங்க. றமீஸாட சல்லி பொட்டிக்குள்ளயே இருக்கட்டும். இங்க அலுமாரிச் சாவி என்ட இடுப்புல இரிக்கி. — ஸுலைஹா