பயோடேட்டா சாரின் காலி நாற்காலி

ஆளில்லாத நாற்காலியை இன்டர்வியூ செய்து, அதனிடம் பதிலும் வாங்கியவர் உலகத்திலேயே ஒருவர்தான். எங்கள் நெய்வேலியில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். நிஜப் பெயர் அவர் மனைவிக்குத் தெரிந்திருக்கலாம். வேலை தேடுகிறவர்களுக்கு பயோடேட்டா திருத்தித் தருவதால் ஊருக்கு அவர் பயோடேட்டா சார்.

சுரங்கக் கம்பெனியில் இருந்த அப்பா ரிட்டயர் ஆக மூன்று மாதம் இருந்தது. அதற்குள் எனக்கு வேலை கிடைக்காவிட்டால், கம்பெனி குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு எங்கே போவது என்று வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. இருபது கம்பெனிக்கு அனுப்பியும் ஒரு போன்கூட வராததால், நாலு பக்க பயோடேட்டாவைத் தூக்கிக்கொண்டு அவரிடம் போனேன்.

அவர் அதைப் படிக்கவே இல்லை. எதிரே இருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் சாய்த்து வைத்தார்.

"நீ வெளிய நில்லு. கம்பெனிக்கு உனக்கு முன்னாடி இதுதான் போவப் போவுது. என்ன பேசுதுன்னு பாப்பம்."

வாசலில் நின்றேன். "சொல்லுங்க தம்பி" என்று நாற்காலியிடம் கேட்டார். தலையாட்டினார். "ம்... அப்புறம்?" என்றார். கரண்ட் இல்லை, காற்றும் இல்லை. ஆனாலும் தாள் மெல்ல அசைந்தது. நான் ஒரு படி கீழே இறங்கி நின்றேன்.

பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"எடுத்ததுமே அப்பா பர்மனென்ட்டு, எந்த பிளாக்கு, எந்த டைப்பு குவார்ட்டர்ஸுன்னு சொல்லிக்கினு இருக்குது. வேல உனக்கா, உங்கப்பாவுக்கா?"

டவுன்ஷிப்பில் யாரும் முதலில் அதைத்தானே கேட்கிறார்கள் என்று முனகினேன்.

"இங்க கேப்பாங்க. வெளியூர்ல எவன் கேக்கறான்?"

மதம், ரத்த வகை, பொழுதுபோக்கு, நான் ஆசையாகப் போட்டிருந்த பூ பார்டர் எல்லாவற்றையும் அடித்தார். "கல்யாணப் பத்திரிகையா இது?" பிறகு குரலைத் தாழ்த்தினார். "சுரங்கத்துல கரி போற பெல்ட்டு ரிப்பேர்ல ஆறு மாசம் கான்ட்ராக்ட்டா இருந்தியாமே. அத ஏன் மறைச்ச?"

நான் அதை எங்கேயும் எழுதவில்லை. பர்மனென்ட் ஆளின் பையன் கான்ட்ராக்ட்டில் போனது அவமானம் என்று வீட்டில்கூடப் பேசமாட்டோம்.

"யாரு சார் சொன்னது?"

அவர் நாற்காலியைப் பார்த்தார்.

ஒரே பக்கத்தில் புதிதாக டைப் அடித்துக் கொடுத்தார். மேலே பெயரும் போன் நம்பரும், அடுத்து அந்த ஆறு மாதத்தில் என் கையால் என்னென்ன செய்தேன் என்று மூன்று வரி, அதற்குப் பிறகுதான் டிப்ளமோ. இரண்டாவது வாரமே ஓசூரிலிருந்து கூப்பிட்டார்கள். இன்டர்வியூவில் பெல்ட்டைத் தவிர வேறு எதையும் கேட்கவில்லை.

ஆர்டர் வந்த அன்று அல்வாவோடு போனேன். நான் வாயைத் திறக்குமுன், "தெரியும்பா, சொல்லிச்சு" என்றார். அப்பா ரிட்டயர் ஆன மாதமே குடும்பத்தோடு ஓசூருக்கு வந்துவிட்டோம்.

அவரிடம் எனக்கு இன்றும் பயம்தான். ஆனாலும் நெய்வேலிக்குப் போனால், அவரை ஒரு தடவை பார்க்காமல் பஸ் ஏற எனக்கு மனசு வருவதில்லை.