கொட்டாவி தொற்றாதவர்கள்

நெடும்பாறை என்றொரு நாடு மலை விளிம்பில் தொங்கிக்கொண்டிருந்தது. அங்கே பிழைப்பு என்றால் கல்தான். ஒருவர் இடுப்பில் கயிறு கட்டிச் செங்குத்துப் பாறையில் இறங்கிக் கல் உடைப்பார். மேலே ஒருவர் கயிறு பிடிப்பார். இறங்குமுன், பிடிப்பவரின் முகத்துக்கு நேரே கொட்டாவி விடுவது வழக்கம். அது அவருக்கும் தொற்றி, கண்ணில் நீர் கோத்தால்தான் முடிச்சுப் போடுவார்கள். தொற்றாத கைக்குக் கீழே ஆடும் உயிர் தெரியாது.

தொற்றாதவர்கள் ஆதியில் நூற்றுக்கு ஒருவர்தான். ஓநாய்கள் வந்த பஞ்சத்தில், ஊரே ஒருவரையொருவர் பார்த்துக் கொட்டாவி விட்டுத் தூங்கிப்போக, அவர்கள் மட்டும் விழித்திருந்தார்கள். ஓநாய்களை விரட்டினார்கள், தூங்கியவர்களின் கூழையும் குடித்தார்கள். ஊர் முதலாவதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு, அவர்களைக் காவலுக்கு வைத்து இரட்டைக் கூழ் ஊற்றியது. இரட்டைக் கூழ் வீட்டுப் பிள்ளைகள் பிழைத்தன. மற்ற வீடுகளில் பாதிதான் பிழைத்தன. ஓநாய்கள் ஒழிந்து ஏழு தலைமுறையாகியும் காவல் ஒழியவில்லை.

பிறகு காவலே அரசாகி, ஆணைகள் வந்தன. கொட்டாவி தொற்றுபவர் பதவிக்கு ஆகார் என்றது முதலாவது. கயிறு பிடிப்பதும் பதவியே என்றது இரண்டாவது. அந்த வருடம் பலர் விழுந்தார்கள். மூன்றாவது ஆணை அவர்களுக்கு ‘ஆழ்பணி சென்றோர்’ என்று பெயர் சூட்டியது. அதன்பின் நெடும்பாறையில் யாரும் விழவில்லை.

சடச்சிக்குப் பதினாறு வருடம் கயிறு பிடித்தவன் அவள் புருஷன் வேலாண்டி. அரசுச் சோதனையில் கொட்டாவி தொற்றி வாயைப் பிளந்துவிட்டான், கயிற்றைப் பிடுங்கிவிட்டார்கள். கயிறு பிடிக்கப் புதிதாக வந்த காவலர்களுக்குக் கொட்டாவி தொற்றவில்லை. அவள் இறங்க மறுத்தாள். மறுத்த நாளெல்லாம் வீட்டில் அடுப்பு எரியவில்லை.

தேர்தல் வந்தது. வேட்பாளர் துயிலாமாறன் பாறைக்கே வந்தார்.

“உழைக்கும் தாயின் கயிற்றை இன்று தலைவர் அவர்களே தம் திருக்கரத்தால் பிடிப்பார்கள்!” என்று முழங்கினார் அமைச்சர்.

“கரத்த அப்புறம் பாக்கலாம். மொதல்ல வாயத் தொறக்கச் சொல்லுங்க,” என்றாள் சடச்சி.

அவள் கொட்டாவி விட்டாள். கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டது. துயிலாமாறன் அவளையே கண்கொட்டாமல் பார்த்தார். பிறகு அவர் வாய் மெல்லப் பிளந்தது. நீளமான, சத்தமான கொட்டாவி. துண்டை எடுத்துக் கண்களை ஒற்றிக்கொண்டார்.

“நம்மாளுடா! நம்மாளு!” என்று கூட்டம் கதறியது. கிழவர்கள் அழுதார்கள்.

சடச்சி புருஷனிடம் திரும்பினாள். “ஏய்யா, கண்ணுல தண்ணி பாத்தியா?”

“துண்டத்தான் பாத்தேன் புள்ள. எறங்காத.”

“தலைவரின் கொட்டாவியை ஐயுறுவது ராஜத் துரோகம்,” என்றார் அமைச்சர் கனிவாக. “இறங்கினால் ஒரு மாதக் கூழ், அம்மா.”

வீட்டில் இரண்டு சின்ன வாய்கள் மூன்று நாளாகக் காய்ந்து கிடந்தன. சடச்சி முடிச்சைப் போட்டாள்.

இருபது முழம் இறங்கினாள். கயிறு விறைப்பாகவே இருந்தது. ‘பரவாயில்ல, கெட்டியான கைதான்’ என்று நினைத்து உளியை வைத்தாள்.

மேலே கைதட்டல் வெடித்தது.

சடச்சி உளியைப் போட்டுவிட்டு, வெறும் பாறையில் பிடி தேடினாள். அந்த நாட்டில், தலைவர் இரண்டு கைகளையும் தூக்கிக் கும்பிட்டால்தான் அப்படிக் கை தட்டுவார்கள்.