லட்டுவுக்குப் பாதித் தமிழ்தான் தெரியும்

தோணிரேவு,
வெள்ளிக்கிழமை சாயந்திரம்.

என்றும் மரியாதைக்குரிய சரோஜா அத்தைக்கு,

தங்கள் தம்பி மகள் செவ்வந்தி வணங்கி எழுதிக்கொள்வது. இங்கே நான், அம்மா, நைனா மூவரும் நலம். உடம்பில் அங்கங்கே பல் தடம் இருக்கிறது, மற்றபடி நலம். மீஞ்சூரில் தாங்களும் மாமாவும் நலமா? தங்கள் வீட்டு ஓனரம்மா நலமா? வீட்டில் நாய் கூடாது என்று அந்தம்மா சொன்னபோது நாமெல்லாம் சேர்ந்து திட்டினோமே, இப்போது நைனா அந்தம்மாவை மகா புத்திசாலி என்கிறார்.

நாள் பூரா ஆன்லைனில் இருக்கிறவள் ஏன் பேப்பரில் எழுதுகிறாள் என்று யோசிப்பீர்கள். தாங்கள் இங்கே விட்டுப்போன நாய்க்குட்டி லட்டு என் போனைக் கடித்துவிட்டது. முழுசாகத் தின்னவில்லை அத்தை, டிஸ்பிளேயில் மட்டும் பல்லை இறக்கிவிட்டது. அன்றிலிருந்து போன் தன் இஷ்டத்துக்கு வேலை செய்கிறது. தேவதாஸ் மாமா தன் வலை கிழிந்துபோனதை போட்டோ எடுத்து குரூப்பில் போட்டு வருத்தப்பட்டிருந்தார். என் நம்பரிலிருந்து வரிசையாகச் சிரிப்பு பொம்மை போயிருக்கிறது. மாமா இன்று மதியம் வரைக்கும் என்னோடு பேசவில்லை. ஆகையால் இந்தக் கடிதம் நண்டு வண்டி ஓட்டும் முத்துராஜ் அண்ணன் கையில் வருகிறது. நண்டு வாடை அடித்தால் மன்னிக்கவும். ஓரம் ஈரமாக இருந்தால் அது நண்டு இல்லை, லட்டு.

எழுதச் சொன்னது தங்கள் தம்பிதான். ஞாயிற்றுக்கிழமை அம்மன் கோயிலில் கூழ் ஊற்றுவதற்குத் தாங்கள் வருவீர்கள் இல்லையா, திரும்பிப் போகும்போது லட்டுவையும் கையோடு அழைத்துப் போக வேண்டும், இதை மரியாதையாக எழுது என்பது உத்தரவு. மரியாதையாகத்தான் எழுதுகிறேன் அத்தை. ஆனால் நடந்ததை நடந்தபடி சொல்லாவிட்டால் லட்டு மேல்தான் எல்லாத் தப்பும் என்று நினைத்துவிடுவீர்கள். அதனால் கொஞ்சம் நீளமாகப் போகும்.

தாங்கள் கொண்டுவந்து விட்ட அன்று பையிலிருந்து தலையை நீட்டி நைனாவின் கட்டைவிரலை நக்கியதே, அது பாசம் இல்லை, ருசி பார்த்திருக்கிறது. மறுநாளிலிருந்து நைனாவின் லுங்கி, அம்மாவின் பின்னல், வலையில் கட்டுகிற மிதவை, கட்டில் கால், என் கால், எல்லாவற்றிலும் வாய். தூங்கும்போது மட்டும்தான் வாய் மூடும், அப்போதும் என் துப்பட்டாவின் ஒரு முனை உள்ளே இருக்கும். தாங்கள் லட்டு என்று பேர் வைத்தீர்கள், நைனா ரம்பம் என்றுதான் கூப்பிடுகிறார். இதற்கெல்லாம் வழி சொல்லத்தான் வாலாட்டி சேனல் இருக்கிறதே என்று நான் தைரியமாக இருந்தேன். கிருஷ்ணன் அண்ணா நடத்துகிற சேனல் அத்தை, செம்ம சேனல், ஒரு வீடியோ விடாமல் பார்த்திருக்கிறேன், என் கமெண்ட்டுக்கு அவர் ஒருமுறை ஹார்ட் போட்டார், அந்த ஸ்கிரீன்ஷாட்டும் கடிபட்ட போனில்தான் கீது.

குட்டி கடித்தால் இன்னொரு குட்டி மாதிரி கீச்சென்று கத்துங்கள், அதற்கு வலி புரியும் என்று அண்ணா சொல்லியிருந்தார். அம்மாவுக்குச் சொல்லிக் கொடுத்தேன். அம்மா அவ்வளவு பிரமாதமாகக் கத்தினாள். லட்டுவுக்கு ரொம்பப் பிடித்துப்போய் இன்னொரு கடி கடித்தது. பக்கத்து வீட்டு ஹேமாவதி அக்கா துடைப்பத்தோடு ஓடி வந்து, “இன்னாமே செல்வம்மா, அடிக்கிறானா அந்தாளு?” என்று நேராக நைனா முன்னால் நின்றாள். நைனா இரண்டு கையையும் நீட்டிப் பல் தடத்தைக் காட்டி, “அடி வாங்குறது நானு தாயி, தொடப்பத்தால யாரயாவது சாத்தணும்னா இந்த ரம்பத்த சாத்து” என்றார்.

அப்புறம் இன்னொரு பாடம். குட்டி கடித்து இழுத்தால் நீங்கள் இழுக்காதீர்கள், மரம் மாதிரி நில்லுங்கள், அதுவே சலித்துப்போய் விட்டுவிடும். நைனா மரம் மாதிரி நின்றார். லட்டு சலிக்கவே இல்லை. மரம் நின்ற இடத்திலேயே நின்றது, லுங்கி மட்டும் தெருமுனை வரைக்கும் போனது. உள்ளே டவுசர் போட்டிருந்தார் அத்தை, கவலை வேண்டாம். அண்ணா மேல் தப்பே இல்லை, அவர் வீட்டில் யாரும் லுங்கி கட்டுவதில்லை போல.

இனிமேல் சொல்வதுதான் முக்கியமானது. வாயில் இருப்பதைக் கீழே போட வைக்க ஒரே ஒரு சொல்லைப் பழக்க வேண்டும், போட்டதும் தின்பதற்கு ஏதாவது கொடுக்க வேண்டும். நான் ‘வுடு’ என்ற சொல்லை எடுத்துக்கொண்டேன், தின்பதற்கு அம்மா காய வைத்த இறால், நம்ம காஞ்ச எறா. அத்தை, சத்தியமாகச் சொல்கிறேன், லட்டு மாதிரி அறிவாளி இந்த ஏரிக்கரையில் கிடையாது. ரெண்டே நாளில் பிடித்துக்கொண்டது. வுடு என்றால் போட்டுவிட்டு உட்காரும், எறாவுக்காக மேலே பார்க்கும். நான் சந்தோஷத்தில் அழுதேவிட்டேன்.

ஆனால் அது என் பாடத்தைத் தாண்டி ஒரு படி போய்விட்டது. எதையாவது வாயில் வைத்திருந்தால்தானே வுடு என்பார்கள், வுடு என்றால்தானே எறா? எனவே தெருவுக்குப் போய்ச் சரக்கு எடுத்து வர ஆரம்பித்தது. காலையில் தேவதாஸ் மாமாவின் ஒரு செருப்பு, நாஸ்தா நேரத்தில் ஹேமாவதி அக்காவின் கரண்டி, மதியம் தேவதாஸ் மாமாவின் இன்னொரு செருப்பு. ஜோடி சேர்த்துத்தான் கொடுக்கிறது, அந்த நேர்மையை யாரும் பாராட்டவில்லை. அதுவும் போக, நம்ம ஊரில் கரையில் நின்றால் நாள் முழுக்க, “வலைய வுடு, கயித்த வுடு, மெதுவா வுடு” என்றுதானே சத்தம்? ஒவ்வொரு வுடுவுக்கும் இது ஓடிப்போய் யாராவது ஒரு ஆள் முன்னால் உட்கார்ந்து எறா கேட்கிறது. “உன் நாயி எங்கள்ட்ட கூலி கேக்குதுபா” என்று எல்லோரும் நைனாவைக் கலாய்க்கிறார்கள்.

“பேஜாராப் போச்சி, இது வாயி இல்ல, வலை” என்று நைனா கத்தினார். அம்மாதான் லட்டு பக்கம். ஏரியில் கையால் எறா தடவிப் பிடிக்கும்போது அம்மா பறிக்கூடையைப் பல்லில் கடித்துக்கொண்டுதானே போவாள், ரெண்டு கையும் சேற்றுக்குள் இருக்குமே. “வாயில கவ்வுறது தப்புனா மொதல்ல என்ன அனுப்பு மீஞ்சூருக்கு” என்றாள்.

இன்றைக்குத்தான் எல்லாம் கெட்டது. மதியம் நைனா படகைக் கரையில் கட்டிவிட்டு டீ குடிக்கப் போனார். படகுக்குள் அம்மா காலையிலிருந்து தடவிப் பிடித்த எறா, பறியோடு அப்படியே இருந்தது. நானும் லட்டுவும் கரையில் இருந்தோம். காற்று கிளம்பியது, படகு மெல்ல நழுவியது, கயிறு பாம்பு மாதிரி மணலில் ஊர்ந்து தண்ணீருக்குப் போனது. நான் பார்ப்பதற்குள் லட்டு பாய்ந்து கயிற்று முனையைக் கவ்விவிட்டது! நாலு காலையும் சேற்றில் ஊன்றி, கண்ணெல்லாம் பிதுங்க, அந்தக் குட்டி உடம்பு ஒரு படகை இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றது அத்தை. போன் இருந்திருந்தால் இந்நேரம் வைரல்!

டீக்கடையிலிருந்து நைனா பார்த்துவிட்டார். கிளாஸைப் போட்டுவிட்டு ஓடி வந்தார். வரும்போதே தொண்டை கிழியக் கத்தினார்: “லட்டு! வுடாதடா! வுடாதடா!”

முதல் தடவையாக ரம்பம் என்று சொல்லாமல் லட்டு என்று கூப்பிட்டார். அதுவும் நல்ல பிள்ளையாக உடனே கயிற்றைப் போட்டுவிட்டு, உட்கார்ந்து, எறாவுக்காக நைனாவைப் பார்த்தது.

படகு போய்விட்டது. லட்டு மேல் என்ன தப்பு? நம்ம தமிழில் வேண்டாம் என்பது சொல்லின் வாலில் ஒட்டிக்கொண்டு வருகிறது. லட்டுவுக்குத் தன் வாலையே இன்னும் ஒழுங்காகப் பிடிக்கத் தெரியாது, சொல்லின் வாலை எங்கே பிடிக்கும்?

நல்லவேளை, நம்ம ஏரியில் ஆழம் இல்லை. கொஞ்ச தூரம் போய்ப் படகு சேற்றில் தட்டி நின்றது. நைனா இடுப்புத் தண்ணீரில் நடந்துபோய் இழுத்து வந்தார். கரை முழுக்க ஆட்கள். தேவதாஸ் மாமா சிரித்த சிரிப்பில் என் மேல் இருந்த கோபம்கூடப் போய்விட்டது. அம்மா கயிற்றைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “கடிச்ச தடம் எதுவும் இல்லயே. முடிச்சு தானா அவுந்துக்கினு கீது. கட்டுனது யாரு?” என்றாள். நைனா ஈர லுங்கியைப் பிழிந்தபடி என்னைப் பார்த்து, “உங்க அத்தைக்கு லெட்டர் எழுது” என்றார். அவ்வளவுதான்.

எனவே ஞாயிற்றுக்கிழமை ஒரு நல்ல கயிறும் பெரிய பையும் கொண்டு வரவும். லட்டுவின் சோற்றுத்தட்டு, என் பழைய துப்பட்டா, ஒரு பொட்டலம் காஞ்ச எறா எல்லாம் எடுத்து வைத்துவிட்டேன். நான் அழவில்லை. ஓரத்தில் இருக்கும் ஈரத்தைப் பற்றி மேலேயே சொல்லிவிட்டேன். மாமாவுக்கு என் வணக்கம். ஓனரம்மாவுக்கும் ஒரு வணக்கம், அவர் மனசு இளக அம்மனிடம் வேண்டிக்கொள்கிறேன். தங்கள் வீட்டில் எந்தச் செருப்பும் ஜோடி பிரியாமல் எல்லோரும் சுகமாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
பாசமுள்ள
செவ்வந்தி

பின்குறிப்பு: சனிக்கிழமை காலை. முத்துராஜ் அண்ணன் வண்டியை ஸ்டார்ட் செய்துவிட்டார், அவசரமாக எழுதுகிறேன். கடிதத்தைக் கொடுக்கக் கரைக்கு வந்தால், படகுக்குப் பின்னால் நைனா குந்திக்கொண்டிருக்கிறார். ஒரு கையில் கயிற்று முனை, இன்னொரு கையில் நான் கட்டி வைத்த எறா பொட்டலம். “புடிச்சிக்கோ... ஆங், புடிச்சிக்கோ... அப்டித்தான் நைனா, ஷோக்கா புடிக்கிற” என்று லட்டுவைக் கொஞ்சுகிறார். பெத்த மகளையே ஒரு நாளும் இப்படிக் கொஞ்சிக் கூப்பிடாத மனுஷன், நாயைப் பிள்ளை மாதிரி நைனா என்கிறார்!

பின்னாலேயே வந்த அம்மா, “நாளிக்கி போற நாயிக்கு இன்னிக்கு இன்னாத்துக்கு பாடம்?” என்றாள்.

நைனா திரும்பவே இல்லை. “என் முடிச்சு அவுந்தப்ப கரையில அத்தினி பேரு வேடிக்க பாத்தானுங்க. கயித்த புடிச்சது இவன் ஒருத்தன்தான். அக்காவ வெறுங்கையோட வரச் சொல்லு. அப்டியே வர்ற வழியில நாயி கடிக்கிற ரப்பர் எலும்பு ஒண்ணு வாங்கினு வரச் சொல்லு” என்றார்.

வேறு கடிதம் எழுத நேரமில்லை, மீதி பேப்பரும் இல்லை, அது எங்கே போனது என்று தங்களுக்கே தெரியும். அதனால் இதையே அனுப்புகிறேன். தயவுசெய்து கடைசி வரி வரைக்கும் படியுங்கள் அத்தை. லட்டு மாதிரி முன்பாதியை மட்டும் கேட்டுவிட்டுப் பையோடு கிளம்பி வந்துவிடாதீர்கள்.