பள்ளிக்கூடப் படிகளில் மூன்று த்தூ

இனிமேல் ரொசாலியாவைப் பள்ளிக்கூடத்தில் விடுவதும் திரும்பக் கூட்டி வருவதும் தன் பொறுப்பு என்று என் கணவர் லெயோனார்தோஸ் அறிவித்தபோது, போருக்குக் கிளம்பும் தளபதி மாதிரிதான் நின்றார். கையில் வாளுக்குப் பதில் கிருமிநாசினி பாட்டில். அவ்வளவுதான் வித்தியாசம்.

நானும் சம்மதித்தேன். எல்லாம் பயம்தான். வீட்டில் குறைமாதத்தில் பிறந்த கைக்குழந்தை. அவன் நுரையீரல் இன்னும் தேறவில்லை, ஒரு சாதாரணச் சளிகூட உங்கள் வாசலைத் தாண்டக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவர் சொன்ன நேரத்தில் உலகமே இருமிக்கொண்டிருந்தது. வெளியே போவதென்றால் போனில் அரசாங்கத்துக்குச் செய்தி அனுப்பிவிட்டுத்தான் போக வேண்டும். இந்த லட்சணத்தில், மூடியிருந்த பள்ளிக்கூடத்தை மறுபடி திறந்துவிட்டார்கள். மூத்தவள் ரொசாலியாவுக்கு ஆறு வயது. ஒரு பிள்ளைக்கு ஒரு பெரியவர்தான் துணைக்கு வரலாம் என்று கண்டிப்பு.

தீவுக்குக் கப்பல் வருவது குறைந்துபோனதில், கப்பல் டிக்கெட் விற்கும் என் கணவருக்கு வேலையில்லை. வீட்டில் அவர் செய்துகொண்டிருந்த ஒரே வேலை எனக்கும் என் அம்மாவுக்கும் யோசனை சொல்வது. நாளுக்கு இரண்டு முறையாவது வெளியே போகட்டுமே என்று அம்மாவும் கண் ஜாடை காட்டினாள்.

கிரேக்கத் தீவொன்றின் மலைமேல் இருக்கும் எங்கள் ஆனோ சீரோஸில் தெரு என்றாலே படிக்கட்டு. எதிரே ஒருவர் வந்தால் தோள் உரசும். பள்ளிக்கூடத்துக்குப் பாதி வழியில் மூன்று வாசல், மூன்று நாற்காலி, மூன்று கிழவிகள்: மார்கெத்தா, அர்யிரோ, பாவ்லினா. அவர்களைத் தாண்டாமல் கடல்காக்கைதான் பள்ளிக்கூடம் போக முடியும்.

முதல் நாள், குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு மொட்டைமாடியில் நின்றேன். ரொசாலியாவின் சிவப்புப் பை படியேறி, வளைவில் மறைந்தது. மார்கெத்தாவின் குரல் கேட்டது.

"அடி என் தங்கமே, என்ன கண்ணுடி உனக்கு."

அடுத்து வந்த சத்தத்தில் குழந்தையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"த்தூ, த்தூ, த்தூ."

பின்னாலேயே மற்ற இருவருடையதும்.

கண் படாமல் இருக்கத்தான். குழந்தையை அழகு என்று சொல்லிவிட்டுத் துப்பாமல் போகிறவளைத்தான் எங்கள் ஊரில் சந்தேகமாகப் பார்ப்பார்கள். ஆனால் இந்தக் காலத்திலுமா? நான் கன்னியாஸ்திரிகளிடம் படித்தவள். எச்சில் என்று வாயால் சொன்னாலே கை கழுவிவிட்டு வரச் சொன்னவர்கள் அவர்கள்.

திரும்பி வந்த என் கணவர் பயப்படாதே என்றார். தலை குனிந்தபடியே தாண்டிவிட்டாராம், விழுந்திருந்தாலும் தூறல் அளவுதான் இருக்குமாம். மத்தியானம் ரொசாலியா வந்ததும் போட்டிருந்த துணியோடு தொட்டியில் இறக்கினேன்.

அந்தப் பெரியவர்களிடம் நேரிலேயே சொல்லிவிடுங்களேன் என்று கெஞ்சினேன். ஊரில் நாம் தலைகாட்ட வேண்டாமா என்று கேட்டார். அந்த மூன்று பேரைப் பகைத்துக்கொண்டு இந்தப் படிகளில் இதுவரை யாரும் பிழைத்ததில்லையாம். அதைவிடச் சுலபமான திட்டம் ஒன்று தன்னிடம் இருக்கிறதாம்.

"அழகா இருந்தாத்தானே துப்புவாங்க, வியோலெத்தா? அழகை எடுத்துட்டா?"

மறுநாள் காலை என் மகள் அழுதுகொண்டே கிளம்பினாள். அவருடைய பழைய கம்பளிச் சட்டை அவளுக்கு முழங்கால்வரை தொங்கியது. அம்மாவின் தொப்பி புருவம்வரை. கன்னத்தில் அடுப்புக்கரி. பெற்ற எனக்கே யார் இது என்றுதான் தோன்றியது.

மத்தியானம் சிரித்துக்கொண்டே வந்தாள். கையில் பாதாம் இனிப்புப் பொட்டலம். மார்கெத்தா படியில் வைத்து எடுத்துக்கொள்ளச் சொன்னாளாம். தம்பி வந்ததும் அம்மா உன்னைக் குளிப்பாட்டுவதுகூட இல்லையா என்று மூவரும் விசாரித்தார்களாம். இவ்வளவு அழுக்கிலும் என்ன களைடி உனக்கு என்றார்களாம்.

"அப்புறம்?" என்றேன்.

"அப்புறம் என்ன, த்தூதான்."

ஊர் என்னைப் பற்றி என்ன பேசும் என்று நினைக்கக்கூட எனக்கு நேரமில்லை. மறுபடி தொட்டி, மறுபடி சோப்பு. என் கணவர் மட்டும் அசரவில்லை. அழகை மறைத்தது தப்பு, அதைவிடப் பெரிய அழகை முன்னால் நடக்கவிட வேண்டும், கண்ணெல்லாம் அதன்மேல் போய்விடும் என்றார். எங்கே இருக்கிறது அந்தப் பெரிய அழகு என்று அம்மா கேட்டாள். அவர் மீசையைத் தடவிக்கொண்டார். அம்மா எழுந்து சமையலறைக்குள் போய்விட்டாள்.

கல்யாணக் கோட்டு வெளியே வந்தது. வயிறு உள்ளே போனது. வாசனைத் தண்ணீர் படியெல்லாம் மணத்தது. அவர் முன்னால், ரொசாலியா பின்னால்.

அரை மணி நேரத்தில் பளபளவென்று திரும்பி வந்தார்.

"பொண்ணு மேல ஒரு துளி படல. அத்தனையும் நானே வாங்கிட்டேன்," என்று மார்பைத் தட்டிக்கொண்டு, குழந்தையைத் தூக்க இரண்டு கையையும் நீட்டினார்.

நான் குழந்தையோடு பின்னால் நகர்ந்தேன்.

"அப்படியே நில்லுங்க. ஒரு அடி எடுத்து வச்சீங்க, கத்திடுவேன்."

"ஏன்?"

"வாங்கிட்டேன்னு சொன்னீங்களே. அதை எங்க கொண்டு வந்திருக்கீங்க?"

அவர் கோட்டைப் பார்த்தார். குழந்தையைப் பார்த்தார். முகத்தில் இருந்த தளபதி மெதுவாக இறங்கிப் போனார். டாக்டருக்குப் போன் செய்தேன். பரிசோதித்துப் பார்த்து, முடிவு வரும்வரை தனியாக இருக்கட்டும் என்றார். கீழே வெங்காயமும் ஒயின் பீப்பாயும் இருக்கும் அறையில் மெத்தை போட்டேன். தட்டை ஜன்னல் வழியாகத் தள்ளினேன். அன்று மத்தியானம் ரொசாலியாவை டீச்சரே வாசல்வரை கொண்டுவந்து விட்டார்.

மறுநாள் நான்தான் போக வேண்டியிருந்தது. குழந்தையை அம்மாவிடம் விட்டேன். இரண்டு மாஸ்க், மேலே ஒரு சால்வை, கையுறை. வளைவில் திரும்பும்போது எல்லா ஜெபமும் ஒரே நேரத்தில் நினைவுக்கு வந்தது.

மூன்று நாற்காலிகளும் வாசற்படிக்கு உள்ளே தள்ளிப் போடப்பட்டிருந்தன. மூன்று பேரும் கண்ணுக்குக் கீழேவரை மாஸ்க் போட்டிருந்தார்கள். "என் தங்கமே," என்றாள் மார்கெத்தா. த்தூ, த்தூ, த்தூ. மாஸ்க் அசையக்கூட இல்லை. காய்ந்த சத்தம்.

"பெரியம்மா," என்றேன், "நீங்க துப்பறதில்லையா?"

"வீட்ல பச்சைக் குழந்தையை வச்சிருக்கிறவ நீ. உன் பொண்ணு மேல துப்ப நாங்க என்ன கிறுக்கச்சிகளா? பள்ளிக்கூடம் திறந்த நாள்லேர்ந்து வெறும் சத்தம்தான். கண்ணேறு ஓடறதுக்குச் சத்தம் போதும், ஈரம் எதுக்கு?"

"அப்போ என் வீட்டுக்காரர் மேல?"

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அர்யிரோ தொண்டையைச் செருமினாள்.

"அவர்தாம்மா மாஸ்க்கை இறக்கி மீசையைக் காட்டினாரு. நாங்க சத்தம் மட்டும் விட்டோம். இது செல்லாது, என் பொண்ணுக்காக வாங்கிக்க வந்திருக்கேன், ஒழுங்கா துப்புங்கன்னு நின்னாரு. முடியாதுன்னுதான் சொன்னோம். நகரவே மாட்டேன்னாரு. பின்னாடி வர்றவங்களுக்கு வழி வேணும்ல? கடைசில பாவ்லினாதான் மனசு இரங்கினா."

பாவ்லினா தலையைக் குனிந்துகொண்டாள்.

எதைக் கண்டு இத்தனை நாள் நடுங்கினேன்? இந்தப் படிகளில் இருந்த ஒரே ஆபத்து, என் வீட்டிலிருந்து வாசனைத் தண்ணீர் பூசிக்கொண்டு கிளம்பிப் போயிருக்கிறது.

பரிசோதனை முடிவு வந்தது. அவருக்கு ஒன்றுமில்லை. பாவ்லினாவுக்கும் இல்லை. அன்றுதான் நான் முழுதாக மூச்சு விட்டேன். பிறகு ஜன்னல் பக்கம் போய், அதுவரை அடக்கி வைத்திருந்த எல்லாவற்றையும் அவரிடம் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் மீசையைத் தடவிக்கொண்டார்.

"பாவ்லினா வேற ஏதாவது சொன்னாளா?" என்றார் கடைசியில். "நான் எப்படி இருந்தேன்னு?"

"கோட்டுக்கு இஸ்திரி நல்லா விழுந்திருந்துச்சாம்."