ஞாயிற்றுக்கிழமை வந்த மூதாதையர்

ஒரு மனிதருக்கு எத்தனை பூட்டன்மார் இருந்தால் போதும்? பட்டப்படிப்பு முடிக்கும்வரை இந்தக் கேள்வி என் மனதில் எழுந்ததே இல்லை. ஒஸ்லோவின் ட்வெய்ட்டா பகுதியில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் பொது மண்டபத்தில், சோமாலியக் குடும்பங்கள் சூழ்ந்திருக்க, கையில் ஏலக்காய்த் தேநீருடன் நின்ற ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் அது என்னைப் பிடித்துக்கொண்டது. அன்று நான் சொன்ன விடையில் ஐந்து பேர் அதிகம்.

நான் சமூகப்பணியில் முதுகலை படித்தவள். என் ஆய்வேடே புலம்பெயர்ந்தோரின் பிள்ளைகளுக்கும் பெற்றோரின் நாட்டுக்கும் உள்ள உறவைப் பற்றியது. எந்த முடிவையும் அதன் நன்மை தீமைகளைத் தாளில் இரண்டு பக்கமாக எழுதிப் பார்த்த பிறகே எடுப்பேன். (புதுக் குளிர்கால மேலங்கி வாங்குவதற்குக்கூட அப்படி எழுதியிருக்கிறேன். எழுதி முடிக்கும்போது வசந்தம் வந்துவிட்டது.) இத்தகைய பொறுப்பான பெண்ணைப் பொறாமை அரை நிமிடத்தில் என்ன செய்யும் என்பதே இந்தக் கட்டுரையின் பொருள்.

பொறாமைக்குக் காரணம் என் தோழி ஹோதான். நாங்கள் இருவரும் ஒஸ்லோவில் பிறந்து, ஒரே மாடிப்படியில் ஏறியிறங்கி வளர்ந்தவர்கள். அவளுடைய பெற்றோர் சோமாலியர் வாழும் ஹர்கெய்சா நகரிலிருந்து வந்தார்கள், என் பெற்றோர் யாழ்ப்பாணத்திலிருந்து. இருவருக்குமே ஊர் என்பது பெரியவர்கள் தொலைபேசியில் உரத்துப் பேசும் ஓர் இடம். அந்த இல்லாமையில் நாங்கள் சமமாக இருந்தோம். அந்தச் சமத்துவத்தை நான் மிகவும் விரும்பினேன் என்பது அது போன பிறகுதான் தெரிந்தது.

சென்ற ஆண்டு ஹோதானின் தந்தை வர்சமே, குடும்பத்தோடு முதல்முறையாக ஊருக்குப் போவதென்று முடிவெடுத்தார். அவர் அங்கே பள்ளி ஆசிரியர், இங்கே பேருந்து ஓட்டுநர். பயணச்சீட்டு வாங்கிய அன்றே மகளிடம் ஒரு தாளைக் கொடுத்தார். அதில் பதினான்கு பெயர்கள்: அவர், அவருடைய தந்தை, அவருக்குத் தந்தை என்று மேலே மேலே போகும் வரிசை. சோமாலியர் அதை அப்திர்சி என்கிறார்கள். அங்கே ஒருவர் உன்னை யார் என்று கேட்டால், படிப்பையோ வேலையையோ சொல்வதில்லை. இந்த வரிசையைச் சொல்ல வேண்டும்.

நான்கு மாதம் ஹோதான் அதைச் சுரங்க ரயிலில் மனப்பாடம் செய்தாள். தாளைப் பிடித்துக்கொண்டு பிழை திருத்தியவள் நான். ஒன்பதாவது பெயரில் அவள் எப்போதும் தடுக்கி விழுவாள்.

"என்னாலை ஏலாதடி," என்பாள். (நாங்கள் பேசுவது நோர்வேஜிய மொழியில், இங்கே எங்கள் வீட்டுத் தமிழில் தருகிறேன்.) "அங்கை போய் ஒன்பதாவதிலை நிண்டுட்டன் எண்டால் அப்பாவின்ரை மானம் போயிடும்."

"திருப்பிச் சொல்லு," என்பேன் நான், கண்டிப்பான ஆசிரியையாக.

அவர்கள் புறப்பட்டுப் போனதும் ஹர்கெய்சாவிலிருந்து குரல் செய்திகள் வரத் தொடங்கின. ஒரு தேநீர்க் கடையில் யாரோ முதியவர் அவளை யார் என்று கேட்டாராம். ஹோதான் சொல்லிக்கொண்டே போக, ஐந்தாவது பெயரில் அவர் கோப்பையை வைத்துவிட்டு எழுந்து நின்றாராம். ஐந்தாமவர் அவருக்கும் பூட்டன். அன்று மாலையே அவர் வீட்டில் விருந்து. நாற்பத்தொரு உறவினர் நிற்கும் படம் வந்தது. (பெரிதாக்கி எண்ணினேன். இரண்டு தடவை.)

நானும் யாழ்ப்பாணம் போய்வந்தவள்தான். மூன்று வாரம் விடுதியில் தங்கினேன். எங்கள் பழைய வீட்டில் இருந்தவர்கள் மிகவும் பண்பாக நடந்து, சோடா தந்து, எப்போது திரும்புகிறேன் என்று கேட்டார்கள். ஓட்டோக்காரர் கடைசிவரை என்னோடு ஆங்கிலமே பேசினார். எனக்காகக் கோப்பையை வைத்துவிட்டு எழுந்து நின்றவர் ஒருவரும் இல்லை. ஹோதானுக்கு இதயக் குறி அனுப்பிவிட்டு, வீட்டில் பாத்திரங்களைத் தேவைக்கு அதிகமான சத்தத்தோடு கழுவினேன்.

அவர்கள் திரும்பியதும் பொது மண்டபத்தில் ஒரு தேநீர் விருந்து வைத்தார்கள். எங்கள் வீட்டிலிருந்து மீன் ரோல்ஸ் அனுப்புவதாக அப்பா வாக்களித்திருந்தார். பொரித்து முடியவில்லை என்பதால் நான் முன்னதாகவே போனேன். ஹோதான் எழுந்து நின்று பதினான்கு பெயர்களையும் சொன்னாள். ஒன்பதாவதில் தடுக்கவில்லை. அவளுடைய தாய் அழுதார். எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன், கை தட்டியது, மனம் தட்டவில்லை.

அப்போது வர்சமே என் பக்கம் திரும்பி, முழு மரியாதையோடு கேட்டார்: "பிள்ளை, உங்கடை ஆக்களும் பழைய ஆக்கள். உன்ரை பேர்வரிசையையும் ஒருக்கால் சொல்லன், கேப்பம்."

எனக்குத் தெரிந்தவை இரண்டு: அப்பா நடராசா, அப்பப்பா வைத்திலிங்கம். அங்கே நிறுத்தியிருக்கலாம். நன்மை தீமைகளை எழுத என்னிடம் தாள் இல்லை.

"நடராசா," என்றேன். "வைத்திலிங்கம்." ஹோதான் என்னைப் பெருமையோடு பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வை இரண்டோடு முடிவதை என்னால் தாங்க முடியவில்லை. வாய் தானாகத் திறந்தது. "சிவபாதம். கணேசமூர்த்தி. யோகநாதன். தர்மலிங்கம். அந்தோனிப்பிள்ளை."

ஏழு தலைமுறை. (சைவக் குடும்பத்தின் உச்சியில் அந்தோனிப்பிள்ளை எப்படி ஏறினார் என்று கேட்க அந்த மண்டபத்தில் ஆள் இல்லை.) வர்சமே ஒரு கடதாசித் துவாயை எடுத்து, ஒவ்வொரு பெயராகத் திருப்பிக் கேட்டு எழுதிக்கொண்டார். முன்வரிசையில் இருந்த பெரியவர் நெஞ்சில் கை வைத்து எனக்குத் தலை வணங்கினார். ஹோதான் ஓடி வந்து கட்டிப்பிடித்தாள்.

"கள்ளி, ஒரு நாளும் சொல்லேல்லையே!"

எனக்கு அது சுகமாக இருந்தது. அந்தச் சுகம் ஏறத்தாழ நான்கு நிமிடம் நீடித்தது.

இங்கே வாசகருக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் சாப்பாட்டு மேசையில் முந்நூற்றி நாலு நடக்கும். அந்தச் சீட்டாட்டத்துக்கு ஆறு பேர் வேண்டும். அப்பாவின் வலப்புறம் சிவபாதம் மாமா, அவருக்கு அடுத்து கணேசமூர்த்தி மாமா என்று சுற்றி வரும். அவசரத்தில் நான் எங்கள் சாப்பாட்டு மேசையைத்தான் ஒப்பித்திருந்தேன்.

கதவு திறந்தது. இரண்டு தட்டு ரோல்ஸைத் தூக்கிக்கொண்டு ஆறு பேர் வந்தார்கள். ஆட்டம் பாதியில் நின்ற கோபம் எல்லோர் முகத்திலும் இருந்தது.

வர்சமே வாசலுக்குப் போய், விருந்தினர் ஒவ்வொருவருக்கும் கை கொடுத்துப் பெயர் கேட்டார்.

"நடராசா."

"சிவபாதம்."

"கணேசமூர்த்தி."

பேசிக்கொண்டிருந்தவர்கள் வாசல் பக்கம் திரும்பினார்கள்.

"யோகநாதன்."

"தர்மலிங்கம்."

கடைசியாக, கையில் தக்காளிச் சோஸ் போத்தலுடன் வந்தவர் சொன்னார்: "அந்தோனிப்பிள்ளை. சோஸை எங்கை வைக்கிறது?"

வர்சமே துவாயைப் பார்த்தார். ஆறு பேரையும் பார்த்தார். பிறகு என்னிடம், ஒரு சிரிப்பும் இல்லாமல் சொன்னார்: "பிள்ளை, உன்ரை முன்னோர் வந்திட்டினம்."

அப்பா துவாயை வாங்கிப் படித்தார். விளங்கிவிட்டது. மகளைக் காப்பாற்ற வேண்டுமென்ற அவசரத்தில், "அது வந்து, எங்கடை ஆக்கள் பூட்டன்ரை பேரைத்தான் பிள்ளையளுக்கு வைக்கிறது. இவையள் எல்லாம் ஒரே குடும்பம்," என்றார்.

"என்ன நடா, விசர்க்கதை கதைக்கிறாய்?" என்றார் சிவபாதம் மாமா. "நான் பிறந்தது வேலணை. நீ கரவெட்டி."

அந்தோனிப்பிள்ளை மாமாவும் துவாயை எட்டிப் பார்த்தார். "ஏன் பிள்ளை என்னை எல்லாருக்கும் மூத்தவனாக்கினனீ? இவன் தர்மனிலும் எனக்கு மூண்டு வயது குறைவு!"

மண்டபம் சிரித்தது. நெஞ்சில் கை வைத்த பெரியவரும் சிரித்தார். ஹோதான் மட்டும் சிரிக்கவில்லை.

"நான் நாலு மாசம் படிச்சனான்," என்றாள். "தாளைப் பிடிச்சுக்கொண்டு இருந்தது நீ. அது என்னெண்டு உனக்குத் தெரியும். அதையே நீ விளையாட்டாக்கிப்போட்டாய்."

பதினொரு நாள் அவள் என்னோடு பேசவில்லை. மாடிப்படியில் என் காலடி கேட்டால் மின்தூக்கியில் போனாள். மேலங்கிக்கு நான் எழுதிய தாளைப் போல ஒன்றை இதற்கும் எழுத முயன்றேன். ஒரு பக்கம் வெறுமையாகவே இருந்தது.

பதினோராம் நாள் ரொறொன்ரோவிலுள்ள மாமியை, அப்பாவின் அக்காவை, அழைத்தேன். அப்பப்பாவுக்கு அப்பா யார் என்று கேட்டேன்.

"ஆரடி செத்தது?" என்றார் மாமி.

ஒருவரும் சாகவில்லை, சும்மா கேட்கிறேன் என்று நம்பவைக்கவே கால் மணி நேரம் ஆயிற்று. பிறகு கந்தையா என்றார். அவருக்குத் தகப்பன் வேலுப்பிள்ளை. அவருக்கும் மேலே ஒருவர். காணி உறுதிப்பத்திரத்தில் பார்த்த பெயர், ஆறுமுகம். அதற்கப்பால் மாமிக்குத் தெரியவில்லை.

மறுநாள் காலை சுரங்க ரயிலில் ஹோதானின் எதிரில் போய் உட்கார்ந்து, மன்னிப்புக் கேட்டு, ஐந்து பெயர்களையும் சொன்னேன்.

"திருப்பிச் சொல்லு," என்றாள்.

சொன்னேன்.

"இவையளிலை எத்தினை பேர் உயிரோடை இருக்கினம்?"

"அப்பா மட்டும்."

"மாமியின்ரை நம்பரைத் தா."

கொடுத்தேன். அன்று மாலையே அழைத்து, ஒவ்வொரு பெயராகச் சரிபார்த்திருக்கிறாள். (அவளுக்குக் கல்யாணம் எப்போது என்றும் மாமி அரைகுறை ஆங்கிலத்தில் விசாரித்திருக்கிறார்.) அதன் பிறகுதான் மாடிப்படியில் மறுபடியும் இருவராக ஏறினோம்.

இப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை அழைப்புமணி அடித்தால் அம்மா சமையலறையிலிருந்து, "மூதாதையர் வந்திட்டினம், தேத்தண்ணியை வை," என்கிறார். அந்தோனிப்பிள்ளை மாமா என்னைக் கண்டால் தலையில் கை வைத்து ஆசீர்வதிக்கிறார்; தோற்றுக்கொண்டிருக்கும் நாட்களில் வயதுக்கு மரியாதை வேண்டும் என்று ஒரு சீட்டை மாற்றவும் பார்க்கிறார்.

எனக்கு இப்போது ஐந்து பெயர்கள் தெரியும். ஐந்தோடு நிறுத்தவும் தெரியும்.