திங்கட்கிழமை எட்டு மணி மெயில்

செய்ததை ரத்துசெய்ய அவருக்குக் கிடைத்த அவகாசம் முப்பது விநாடி. அதில் இருபத்தெட்டு விநாடியை 'ரத்துசெய்' என்ற பட்டன் எவ்வளவு நேர்த்தியாக வந்து நிற்கிறது என்று ரசிப்பதிலேயே கழித்துவிட்டார். மீதி இரண்டு விநாடியில் மவுஸ் கையை விட்டு நழுவியது. பட்டன் மறைந்தது.

'உங்கள் மெயில் திங்கட்கிழமை காலை 8 மணிக்கு அனுப்பப்படும்' என்ற வரி மட்டும் திரையில் நின்றது. ஒரு எழுத்துப் பிழைகூட இல்லை.

எல்லாம் நல்லபடியாகத்தான் தொடங்கியது. ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பாட்டு மேஜையில் கிடந்த லேப்டாப்பைத் திறந்தார். அது வீட்டுக்குப் பொது. மனைவி பள்ளி நூலகர். புத்தகப் பட்டியலெல்லாம் அதில்தான் போடுவாள். பிரௌசர் தானாகவே புதுப்பித்துக்கொண்டு, 'புதிய வசதிகளை முயன்று பாருங்கள்' என்று அவரை வரவேற்றது. மூலையில் ஒரு சின்ன வட்டத்துக்குள் கள்ளிச்செடி படம். புதுப் பதிப்புக்கு ஏதோ அலங்காரம் என்று விட்டுவிட்டார்.

மருந்துப் பெட்டிகளுக்கு அட்டை அச்சடிக்கும் அச்சகத்தில் அவர் பிழைதிருத்துநர். எறும்புக் கால் அளவு எழுத்தில் ஒரு புள்ளி விட்டுப்போயிருந்தாலும் பிடித்துவிடுவார். ஆனால் எழுத்தை மட்டும்தான் பார்ப்பார். படத்தைப் பார்ப்பது டிசைன் பிரிவின் வேலை.

முதலில் 'உரக்கப் படி' என்ற பட்டனை அமுக்கினார். ஒரு பெண் குரல் கணீரென்று பக்கத்தைப் படிக்கத் தொடங்கியது.

மனைவி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தாள். "யாரு வந்திருக்கா?"

"யாருமில்ல. பிரௌசர் பேசுது."

"மனுஷி பேசினா காதுல ஏறாது. பிரௌசர் பேசினா உக்காந்து கேப்பீங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

அடுத்தது மெயிலில் 'நேரம் குறித்து அனுப்பு'. இதைச் சோதிக்க ஒரு கடிதம் வேண்டும். அவரிடம் ஒன்றே ஒன்று இருந்தது. கல்யாணமும் இந்த வேலையும் அவருக்கு ஒரே வருடத்தில் வாய்த்தன. வேலைக்குச் சேர்ந்த முதல் வருடமே மேலாளர் மேல் வந்த கோபத்தில் எழுதிய ராஜினாமாக் கடிதம் அது. அனுப்புகிற எண்ணம் என்றைக்கும் கிடையாது. நாற்பத்தொரு வயதில் வேறு எங்கே போய் நிற்பது? மேலாளர் கடுகடுக்கும் நாட்களில் மாலையில் அதைத் திறந்து, ஒரு காற்புள்ளியைத் திருத்திவிட்டு மூடுவார். வருடம் பிறந்தால் அதிலுள்ள வருடக் கணக்கையும் ஒன்று கூட்டுவார். மனம் லேசாகிவிடும். அனுப்பாத கடிதத்துக்குப் பெயர் எதற்கு என்று மேலேயும் போடவில்லை, கீழேயும் போடவில்லை.

அதை அப்படியே எடுத்து ஒட்டினார். யாருக்கு என்ற இடத்தில் ஒரு எழுத்தைத் தட்டியதுமே மேலாளரின் முகவரி தானாக வந்து உட்கார்ந்தது. அவரே அசந்துபோனார். இந்த வீட்டிலிருந்து மேலாளருக்குப் போன ஒரே மெயில், போன வருடம் அவர் காய்ச்சலில் படுத்திருந்தபோது மனைவி எழுதிப் போட்ட லீவு லெட்டர்தான். அதைக்கூட ஞாபகம் வைத்திருக்கிறதே!

முழுசாகச் செய்து பார்த்துவிட்டு ரத்துசெய்துவிடலாம் என்று நினைத்துத்தான் திங்கள் காலை எட்டு மணி என்று குறித்தார். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தான் ஆண்டி.

உதவிப் பக்கத்தைத் தேடலாம் என்று கை வைப்பதற்குள் மனைவி கையைத் துடைத்தபடி வந்தாள். அவசரமாகப் பிரௌசரையே மூடினார்.

"என்னத்த மறைக்கறீங்க?"

"ஒண்ணும் மறைக்கல. சூடாயிடுச்சு, அதான் மூடினேன்."

அவள் நகர்ந்ததும் மறுபடி திறந்தார். 'யார் பயன்படுத்துகிறீர்கள்?' என்று கேட்டது. இரண்டு வட்டங்கள். ஒன்றில் அவருடைய பாஸ்போர்ட் படம், மற்றதில் அதே கள்ளிச்செடி. இதென்ன கேள்வி என்று தன் முகத்தையே அமுக்கினார்.

நேரம் குறித்த மெயில்களின் பெட்டியைத் திறந்தால் காலி. அனுப்பியவற்றில் இல்லை. குப்பையிலும் இல்லை. எழுத்துக்கு எழுத்து தேடினார்.

"ஏம்மா, வச்ச பொருள் வச்ச இடத்துல இல்லன்னா என்ன அர்த்தம்?"

"நீங்க வைக்கவே இல்லன்னு அர்த்தம். சாவியா?"

"சாவி இல்ல."

"கண்ணாடி உங்க தலைமேலதான் இருக்கு" என்றாள் அவள் திரும்பிப் பார்க்காமலே.

மெயில் தொலைந்துவிட்டதா, எங்கேயோ ஒளிந்துகொண்டு காலை எட்டு மணிக்காகக் காத்திருக்கிறதா? தெரியவில்லை. சாயங்காலம் வரை வீட்டுக்குள் நடந்து நடந்து தரை தேய்ந்தது. கடைசியில் முன்ஜாக்கிரதையாக மேலாளருக்கு ஒரு மெயில் போட்டார்: 'ஐயா, நாளைக் காலை எட்டு மணிக்கு உங்களுக்கு ஒரு மெயில் வரக்கூடும். தயவுசெய்து அதைப் படிக்க வேண்டாம்.'

அனுப்பிய பிறகுதான் யோசித்தார். படிக்காதே என்று சொன்ன பிறகு எவனாவது படிக்காமல் இருப்பானா?

ஐந்தாவது நிமிடத்தில் பதில் வந்தது. 'என்ன மெயில்?'

என்ன எழுதுவது என்று திகைத்தபோது பிரௌசரே கைகொடுத்தது. கீழே மூன்று பதில்கள் தயாராக இருந்தன: 'நன்றி!', 'தெரியவில்லை', 'நேரில் விரிவாகப் பேசலாம்'. நடுவில் இருப்பதைத் தொடத்தான் விரலை வைத்தார். வியர்வை ஈரத்தில் விரல் வழுக்கி மூன்றாவதில் போய் நின்றது. 'அனுப்பப்பட்டது' என்றது திரை. லேப்டாப்பை மூடி அலமாரியில் வைத்துப் பூட்டினார்.

மேலாளர் ஒன்பது மணிக்குத்தான் வருவார். அதற்கு முன்னால் போய், அவர் கம்ப்யூட்டரிலிருந்தே மெயிலை அழித்துவிட வேண்டும். திங்கட்கிழமை அந்தத் திட்டத்தோடு கிளம்பினார். அன்றைக்கென்று பஸ் ஊர்ந்தது. அச்சகத்துக்குள் நுழைந்தபோது மணி எட்டு தாண்டி இரண்டு நிமிடம்.

தாழ்வாரத்தைத் துடைக்கிற அம்மாள் துடைப்பதை நிறுத்திவிட்டு மேலாளரின் அறையைப் பார்த்தபடி நின்றிருந்தாள். கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே மேலாளர். அவர் முன்னால் கம்ப்யூட்டர். அவருடைய பிரௌசரும் புதுப்பிக்கப்பட்டிருந்தது போலும். அதே பெண் குரல் கணீரென்று படித்துக்கொண்டிருந்தது.

"...ஒன்பது வருடங்களாகத் தினமும் உங்கள் முகத்தில்தான் விழிக்கிறேன். ஒரு நாளாவது 'நல்லா இருக்கு' என்று ஒரு வார்த்தை சொன்னதுண்டா? நான் எதைச் செய்தாலும் அதில் ஒரு குறை. மதியம் சாப்பிட்டதும் உட்கார்ந்த இடத்திலேயே குறட்டை. வரும் முதல் தேதி நான் போகிறேன். வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள்."

ஒன்பது வருடம் செதுக்கிய வரிகள். ஒரு காற்புள்ளியில்கூட அந்தக் குரல் தடுமாறவில்லை.

மேலாளர் நிமிர்ந்தார். கண்ணாடியைக் கழற்றினார். பிறகு எழுந்து வந்து, தன் கையால் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"உக்காருங்க."

அந்த அறையில் இதுவரை அவரை யாரும் உட்காரச் சொன்னதில்லை. நுனியில் உட்கார்ந்தார்.

"இவ்வளவு நாள் எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலாமில்ல?"

"உங்ககிட்ட எப்படி சார் சொல்றது? ஏதோ கோவத்துல எழுதினது. உங்களுக்கு அனுப்பணும்னே இல்ல."

"அது பாத்ததுமே புரிஞ்சுது. ஆனா கோவத்துல எழுதறதுலதான் உண்மை இருக்கும்." மேலாளர் பெருமூச்சு விட்டார். "தப்பு கண்டுபிடிக்கறதே பொழப்பாப் போனா, பாராட்டறதுக்கு வாய் வராது. அது ஒரு வியாதி மாதிரி."

மேலாளர் தன்னைத் தானே இப்படிச் சொல்லிக்கொள்வார் என்று அவர் கனவிலும் நினைத்ததில்லை. "அப்படியெல்லாம் இல்ல சார்."

"இல்லன்னு சமாளிக்கக் கூடாது. ஒத்துக்கணும். குறட்டைக்குக்கூட இப்ப நல்ல டாக்டருங்க இருக்காங்க."

"நல்லது சார். கண்டிப்பா காட்டணும்."

"முதல் தேதிக்கு இன்னும் பதினோரு நாள் இருக்கு. அதுக்குள்ள மனசு மாறாதா?"

"நேத்தே மாறிடுச்சு சார்! சத்தியமா யாரும் எங்கயும் போகல."

"அப்பாடா" என்றார் மேலாளர். நிஜமாகவே நிம்மதி அடைந்தது போல் இருந்தது அவர் முகம். "என் மேலயும் தப்பு இருக்கு. வேலை வேலைன்னு உங்கள இங்கயே பிடிச்சு வச்சுட்டேன். ஒன்பது வருஷத்துல உங்க கையால ஒரு பெட்டி தப்பாப் போனதில்ல. ரொம்ப நல்லா இருக்குங்க உங்க வேலை. இத எப்பவோ சொல்லியிருக்கணும்."

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் ஒன்பது வருடம் அந்தக் கடிதத்தைத் திருத்திக்கொண்டிருந்தார். தெரிந்திருந்தால் முதல் வருடமே அனுப்பியிருப்பார்.

"மூணு நாள் லீவு எடுத்துக்குங்க" என்று மேலாளர் அவர் தோளில் தட்டினார். "இப்பவே கிளம்புங்க."

ராஜா மாதிரி வெளியே வந்தார். பிரௌசரைச் செய்தவன் யாரோ, நன்றாக இருக்கட்டும் என்று வாழ்த்திக்கொண்டே தாழ்வாரத்தில் நடந்தார். துடைக்கிற அம்மாள் வாளியை ஓரமாக நகர்த்தி வழிவிட்டாள். அவளுடைய கண்களும் சிவந்திருந்தன.

"ஒண்ணு சொன்னா தப்பா எடுத்துக்காதீங்கய்யா" என்றாள் தாழ்ந்த குரலில். "மெயிலத் தொறந்ததுமே, 'அய்யய்யோ, அவரு வீட்டம்மா பேர்ல வந்திருக்கே, அவருக்கு எழுதினது தப்பா எனக்கு வந்துடுச்சே'ன்னு சார் பதறிட்டாரு. கம்ப்யூட்டர்ல உங்க வீட்டுப் புள்ள தன் வாயாலயே சொன்னத நானும் கேட்டேன். மூணு நாள்ல சமாதானம் பண்ணிடுங்க, வீட்டுக்குள்ள நுழையறப்பவே 'நல்லா இருக்கு'ன்னு எதையாச்சும் பாத்துச் சொல்லுங்க."