சேவலை மறுதலித்த விவரம்

ஒத்தக்கடை,
செவ்வாய்க்கிழமை.

கர்த்தருக்குள் மதிப்புக்குரிய ஞானசீலன் ஐயாவுக்கும், வீட்டம்மா ஆன்மேரி அவர்களுக்கும்,

இம்மானுவேல் தோத்திரம் சொல்லி எழுதிக்கொள்வது. இங்கே நான், என் மனைவி ஜோசபின், மகள் ஹெப்சிபா மூவரும் சுகம். திருமங்கலத்தில் உங்கள் சுகத்தைச் சொல்லி ஒரு வரி வந்தால்தான் எங்கள் சுகம் முழுசாகும். 'அன்புள்ள சம்பந்தி' என்று தொடங்கத்தான் பேனா போனது. ஆனால் போன ஞாயிறு ஆராதனை முடிந்து ஹெப்சிபாவைப் பார்க்க வந்த நீங்கள், "வீட்டுக்குப் போய்ச் சொல்லி அனுப்புறோம்" என்று எழுந்த வேகத்தையும், உங்கள் மகன் ஸ்டீவ் ஒரு கால் செருப்பை மாட்டாமலே காரில் ஏறியதையும் பார்த்த பிறகு அந்த வார்த்தைக்கு எனக்கு உரிமை இருக்கிறதா என்று தெரியவில்லை. அதனால் அந்த இடத்தை விட்டு வைத்திருக்கிறேன். நீங்களே நிரப்பிக்கொள்ளலாம்.

அன்றைக்கு எங்கள் மாடியில் நீங்கள் பார்த்த சேவலைப் பற்றித்தான் இந்தக் கடிதம். ஐம்பதைத் தாண்டினால் மனிதனுக்குச் சர்க்கரை வரும், இல்லையென்றால் வீட்டுமனை வாங்கும் ஆசை வரும். எனக்கு இரண்டும் வந்தது போதாதென்று பழைய இரும்பும் வந்தது. கப்பலூரில் நான் கணக்கெழுதும் கம்பெனிக்கு எதிரே ஒரு காயலான் கடை. அங்கே ஒருநாள் குப்பையோடு குப்பையாகக் கிடந்த காற்றுக்காட்டி ஒன்று என்னைப் பார்த்தது. பழைய தேவாலய உச்சியிலும் வெள்ளைக்காரன் பங்களாக் கூரையிலும் கம்பியில் குத்தி வைத்திருப்பார்களே, காற்று வரும் பக்கம் முகத்தைத் திருப்பும் இரும்பு உருவம், அதுதான். கமிட்டித் தேர்தல் சமயத்தில் சபை மூப்பர்கள் செய்வதை இது வருசம் முழுக்கச் செய்யும். நான் எங்கள் சபையைத்தான் சொல்கிறேன், உங்கள் சபையை அல்ல. முதலில் கப்பல் உருவம் ஒன்று வந்து ஹாலில் மாட்டியாயிற்று. அப்புறம் மீன் வந்தது, ஜோசபின் அதன் வாலில் கரண்டி தொங்கவிட்டாள். பிறகு எக்காளம் ஊதும் தேவதூதன், எக்காளம் மட்டும் இல்லை, கன்னத்தை உப்பிக்கொண்டு சும்மா நிற்கிறார். கடைசியாக வந்ததுதான் சேவல். அது மட்டும் சுவருக்கு அடங்காத அளவு என்பதால் மொட்டைமாடித் தண்ணீர் டேங்கின் மேல் ஏற்றினேன். "காயப்போட்ட துணிக்குத் தெரியாத காத்தா உங்க சேவலுக்குத் தெரிஞ்சிரப் போகுது?" என்றாள் ஜோசபின். நியாயமான கேள்வி. மதுரையில் காற்று ஆடியில் வந்து தலையைக் காட்டிவிட்டுப் போனால் மறுபடி அடுத்த ஆடிதான். சேவலும் துருவேறி, ஏற்றிய நாளில் எந்தப் பக்கம் பார்த்ததோ அந்தப் பக்கமே பார்த்து நின்றது. அது பக்கத்து வீட்டு அன்னக்கொடியின் சமையலறைப் பக்கம் என்பது என் நேரம்.

அந்த அன்னக்கொடியின் வீட்டுக்காரர்தான் சுருளி. அலங்காநல்லூர்ப் பக்கம் நிலம் நீச்சு உள்ள குடும்பம், இங்கே வீடு கட்டி வந்தவர்கள். வருசா வருசம் மாலை போட்டுப் பழனிக்கு நடந்து போகிறவர். சமையலறையைச் சேவல் முறைக்கிறது என்று சண்டைக்கு வருவார் என்று நான் பதில்களைத் தயார் செய்து வைத்திருக்க, மனிதர் கண் கலங்க வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "அண்ணே, இம்புட்டு நாளா மனசுலயே வச்சுக்கிட்டு இருந்திருக்கீகளே, ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?" என்றார். வீட்டு உச்சியில் சேவல் ஏற்றியவன் முருகனுக்குக் கொடியேற்றியவன் என்று அவர் முடிவு கட்டிவிட்டார். தெரு முழுக்கவும் சொல்லிவிட்டார். நான் அவரை உட்கார வைத்து, பேதுரு ஆண்டவரைத் தெரியாது என்று மூன்று தடவை மறுதலித்தது, உடனே சேவல் கூவியது, அதன் ஞாபகமாக ஆலய உச்சியில் சேவல் வைப்பது எல்லாவற்றையும் வேதபாடம் போல விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அவரு சேவலு கூவுச்சு, நம்மாளு சேவலு கொடியில நிக்கிது. ரெண்டும் விடியத்தானண்ணே செய்யிது, விடுங்க" என்று போய்விட்டார். நானும் விட்டேன். மறுநாள் முதல் அவர் காரை என் வாசலை மறித்து நிறுத்துவதை விட்டிருந்தார் என்பதும் நான் விட்டதற்கு ஒரு காரணமாக இருக்கலாம். அடுத்தடுத்துச் சேவலுக்குத் திருநீறு வந்தது. மாலை வந்தது. காலில் எலுமிச்சம்பழம் வந்தது. எங்கள் வீட்டுக்குப் பஞ்சாமிர்தம் வந்தது. பஞ்சாமிர்தம் நன்றாகவே இருந்தது.

இந்த நிலைமையில்தான் நீங்கள் வந்தீர்கள். கேட்டைத் திறக்கும்போதே மேலே பார்த்து, "அது என்ன, மாலையெல்லாம் போட்டு?" என்று கேட்டீர்கள். பக்கத்து வீட்டுக்காரர் ஏதோ வைத்திருக்கிறார் என்றேன். உள்ளே வந்து உட்கார்ந்ததும் கப்பலைப் பற்றி, மீனைப் பற்றி, எக்காளம் போன தேவதூதனைப் பற்றி ஒவ்வொன்றாக உங்களுக்கு விளக்கினேன், அது உங்களுக்கு ஞாபகமிருக்கும். நடுவில் ஆன்மேரி அம்மா ஜன்னல் வழியே மேலே எட்டிப் பார்த்து, "டேங்க் உங்களோடதுதானே?" என்றார்கள். எல்லை இன்னும் சரியாக அளக்கவில்லை என்றேன். டேங்கின் நடுவே எல்லைக்கோடு போகும் ஒரே வீடு ஒத்தக்கடையில் என் வீடாகத்தான் இருக்கும். மூன்றாவதாக உங்கள் ஸ்டீவ், தங்கமான பிள்ளை, "அங்கிள், அந்தச் சேவல் ரொம்ப அழகா இருக்கு, எங்க வாங்குனீங்க?" என்று ஆசையாகக் கேட்டார். "எந்தச் சேவல் தம்பி?" என்றேன். அந்த நொடியில் தெருவில் எழுந்தது அரோகரா. பேதுருவுக்காவது சேவல் மட்டும்தான் கூவியது. எனக்கு ஒரு பாதயாத்திரைக் கூட்டமே கூவியது.

நான் வாசலுக்கு ஓடியபோது பச்சை வேட்டியும் பச்சைச் சேலையுமாகத் தெரு நிறைந்திருந்தது. அவர்கள் பழனிக்குப் புறப்படும் நாள் அதுதான் என்பது எனக்குத் தெரியாது. முன்னால் நின்ற சுருளி, உங்கள் காதில் விழும்படியாக, "இம்மானுவேல் அண்ணன் வீட்டுச் சேவலு. மொதச் சூடம் அண்ணன் கையாலதான்" என்று எரியும் தட்டை என் கையில் வைத்தார். ஐயா, நீங்கள் மூப்பர், நியாயம் தெரிந்தவர். எரிகிற தட்டை வாங்கியவன் அதை எங்கே போடுவான்? பிடித்துக்கொண்டுதான் நிற்பான். நிற்கிறபோது கை கொஞ்சம் ஆடத்தான் செய்யும். அது வட்டமாக ஆடியது என்று நீங்கள் ஜன்னலிலிருந்து பார்த்திருந்தால் அது பயத்தில் ஆடியது. அதற்குள் நாலு பேர் வெளிப்படியில் ஏறி ஒரு செம்பு நல்லெண்ணெயைச் சேவலின் தலையில் ஊற்றிவிட்டார்கள். நான் வாங்கி வந்த நாள் முதல் அசையாத சேவல், துரு இளகி, கீச்சென்று சத்தம் போட்டு ஒரு சுற்றுச் சுற்றி மேற்கே பார்த்து நின்றது. மேற்கே பழனி இருக்கிறது. ஒரு பாட்டையா தரையில் விழுந்து கும்பிட்டார். ஜோசபின், உங்களுக்கென்று வைத்த பால் பாயசத்தை அந்தக் கூட்டத்துக்கு ஊற்றிக்கொண்டிருந்தாள். ஏன்டி என்று பிறகு கேட்டதற்கு, "வீட்டு வாசல்ல வந்து நிக்கிறவுகள வெறும் வாயோடவா அனுப்புவாக?" என்றாள். நான் உள்ளே திரும்பியதும் நீங்கள் எழுந்தீர்கள், மறுபடி பார்த்தால் காரில் இருந்தீர்கள்.

அன்றைக்கு மாலையே சேவலை இறக்கிவிட்டேன். யாத்திரை முடியும்வரை அதைக் கீழே வைக்கக்கூடாது என்று அன்னக்கொடி வந்து நின்றதால் அவர்கள் மாடியிலேயே ஏற்றிக் கொடுத்துவிட்டேன். ஆக, கேட்டில் வைத்து நான் உங்களிடம் சொன்னது இப்போது உண்மையாகிவிட்டது. மற்ற இரும்புகளைச் சாக்கில் சுற்றிக் கட்டிலுக்கு அடியில் தள்ளியாயிற்று. சுவரெல்லாம் ஆணியாக நிற்கிறது. இந்தப் பைத்தியத்தில் ஹெப்சிபாவுக்குத் துளியும் பங்கில்லை ஐயா. நீங்கள் போனதிலிருந்து அந்தப் பிள்ளை என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பதிலுக்கு நானும் ஏதாவது பேசித் தூங்கியிருப்பேன். அவளுக்கு ஸ்டீவைப் பிடித்திருக்கிறது. தகப்பன் கிறுக்கன் என்பதற்காக ஒரு நல்ல பெண்ணை வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள். பார்த்துப் பேசி முடிவுசெய்ய இன்னொரு தடவை வாருங்கள். பாயசம் உங்களுக்கே வைக்கிறோம்.

உங்கள் வீட்டில் கர்த்தரின் சமாதானம் தங்கட்டும். அதில் கொஞ்சம் எங்கள் வீட்டுக்கும் நீங்கள் அனுப்பி வைத்தால் போதும்.

இப்படிக்கு,
இம்மானுவேல்

பி.கு: உறையை ஒட்டப் போகும்போது ஹெப்சிபா வந்து வாசித்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். ஸ்டீவ் தினமும் அவளிடம் போனில் பேசுகிறாராம். சேவலைப் பற்றி உங்கள் வீட்டில் யாருக்கும் ஒரு வருத்தமும் இல்லையாம். அது சுற்றியதை அம்மா சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்களாம். நீங்கள் தயங்குவது, அன்றைக்கு நான் ஒருவனே வாய் மூடாமல் பேசியதால், ஆயுசு முழுக்க இந்த மனுசனைக் கேட்டுக்கொண்டு இருக்க முடியுமா என்றுதானாம். அப்பா ஒரு வரிக்கு மேல் எழுதினால் எல்லாம் போச்சு, இதைக் கிழித்துப் போடுங்கள் என்கிறாள். அவள் சொல்வது சரிதான். ஆனால் இவ்வளவு எழுதிவிட்டுக் கிழிக்க மனசு வரவில்லை, தபாலில் சேர்க்கிறேன்.